முதலில் அட்ரினலின்

கிருஷ்ணகிரி மாவட்டம் பாறைகளின் நாடு. கல்குவாரிகளின் செங்குத்து முகங்களிலும் மேலகிரி மலைகளின் விளிம்புகளிலும் ஊர்ப் பொது ஆலமரங்களிலும் மலைத்தேனீ தன் பெரிய அடையைக் கட்டித் தொங்கவிடுகிறது. ஓசூர் தொழில்நகராக வளர்ந்தபின் அதற்கு இன்னும் உயரமான இருப்பிடங்கள் வாய்த்தன. மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டியின் அடிப்புறம், அடுக்குமாடிக் குடியிருப்பின் விளிம்பு, தொழிற்கூடக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் என எங்கும் அது குடியேறுகிறது. திருவிழா வாணமோ, சவ ஊர்வலத்தில் கொளுத்திய பட்டாசோ, புகையோ அந்த அடையைக் கலைத்துவிட்டால், கீழே நிற்பவர் யார் எவர் என்று தேனீ பார்ப்பதில்லை.

கொட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் வலியும் வீக்கமும் பட்டு ஓரிரு நாளில் தேறிவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கொடுக்குகள் ஏறியவருக்கு நஞ்சின் அளவே கேடு. சிறுநீரகம் பழுதாகக்கூடும் என்பதால் அவர் மருத்துவமனையில் தங்கியே ஆகவேண்டும். நாம் இங்கே பேச வருவது மூன்றாவது வகையினரைப் பற்றி. அவர்களுக்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடலின் காப்பமைப்பே தடம்புரண்டு உடலைத் தாக்கத் தொடங்குகிறது. உள்ளங்கையில் அரிப்பு, உடலெங்கும் தடிப்பு, குரல் கம்முதல், நாக்கும் தொண்டையும் வீங்குதல், மூச்சிரைப்பு, வாந்தி, கண் இருளுதல் எனச் சில நிமிடங்களுக்குள் அடுக்கடுக்காக வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, நாடி நின்றுபோகிறது. சிலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூடத் தோன்றாமலேயே மூச்சும் நாடியும் தளர்வதுண்டு. கொட்டுக்கு மட்டும் உரிய ஆபத்தும் அன்று இது. இறாலும் நிலக்கடலையும் முந்திரியும் இதைச் செய்யலாம். பென்சிலின் வகை ஊசி செய்யலாம். கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் செய்யலாம்.

இத்தகைய மரணங்களை ஆராய்ந்த பிரிட்டன் மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நின்றுபோகும்வரை கடந்த நேரத்தின் இடைநிலை அளவு, உணவினால் என்றால் 30 நிமிடம். பூச்சிக்கொட்டினால் 15 நிமிடம். மருத்துவத்தின்போது செலுத்திய மருந்தினால் 5 நிமிடம். இந்த மூன்று எண்களையும் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிச் சாலைகளின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். நாற்கரச் சாலையில் நெரிசலற்ற நேரத்தில்கூட, 15 நிமிடத்தில் ஒரு தொழிலாளி எந்த மருத்துவமனையின் வாசலை அடைவார்? மலைச்சாலை வளைவுகளைக் கடந்துவரவேண்டிய அஞ்செட்டிக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது. ஆகவே உயிரைக் காக்கும் மருந்து ஆள் விழுந்த இடத்திலேயே இருந்தாகவேண்டும்.

அந்த மருந்து அட்ரினலின். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி நம் உடலில் இயல்பாகவே சுரப்பது. 1901ஆம் ஆண்டு வாக்கில் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்கள் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவெனகாவும். ஏறத்தாழ அதே காலத்தில், 1902இல், சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடல்வாழ் உயிரின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, முதல் முறை தாங்கிக்கொண்ட நாய் இரண்டாம் முறை மிகச் சிறிய அளவுக்கே துடித்து மடிவதைக் கண்டு இந்த ஒவ்வாமை அதிர்ச்சியை உலகுக்கு விளக்கினார்கள். அதற்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயை விளக்கியதும் மருந்து கைக்கு வந்ததும் இரு நூற்றாண்டுகள் சந்தித்த ஒரே தருணத்தில். அதன்பின் நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது என்பதை நினைக்கும்போது, இன்றும் இந்த மருந்து தாமதமாகப் போய்ச் சேருவது நெஞ்சைச் சுடுகிறது.

அட்ரினலின் விரிந்து தளர்ந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை மீட்கிறது. இதயத்தைத் தூண்டுகிறது. இறுகிய மூச்சுக்குழல்களைத் திறக்கிறது. ஒவ்வாமைப் பொருள்களைக் கொட்டும் உயிரணுக்களையும் அடக்குகிறது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்யும் வேறொரு மருந்து மருத்துவத்தில் இல்லை. நடுத்தொடையின் வெளிப்புறத் தசையில், வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், மிகுந்தால் 0.3. நிலை தேறாவிட்டால் ஐந்து நிமிடத்துக்குப்பின் மறுமுறை. ஒரு மில்லிகிராம் கொண்ட கண்ணாடிக் குப்பியின் விலை ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. இந்தியாவின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பணமின்மையோ பற்றாக்குறையோ இங்கே தடையாக நிற்கவில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. தடிப்போடும் மூச்சிரைப்போடும் வருபவருக்கு நம் சிறு மருத்துவமனைகள் பலவற்றில் முதலில் ஏறுவது அவில் ஊசி. அடுத்து டெக்ஸாமெத்தசோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு. அவில் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும்; சரிந்த அழுத்தத்தை உயர்த்தாது, அடைபட்ட தொண்டையைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். இவை துணைமருந்துகள். துணை முன்னே நடந்து, முதல்வன் பின்தங்கிக் காத்திருக்கும் இந்த வரிசை தலைகீழானது. அது உயிரைக் கேட்கிறது என்பதைத் திறந்தே சொல்லவேண்டியிருக்கிறது.

ஏன் இந்தத் தயக்கம்? அட்ரினலின் இதயத்தைப் பதறச் செய்யும், முதியவருக்கு ஆபத்து என்னும் அச்சம் மருத்துவர்களிடமே வேரோடியிருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் நரம்பில் வேகமாகச் செலுத்திய அளவுமீறிய மருந்தின் அனுபவம். தொடைத் தசையில் உரிய அளவில் போடும் ஊசியின் படபடப்பும் கைநடுக்கமும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் அட்ரினலினைத் தரக்கூடாது என்று முற்றாகத் தடுக்கும் நோய் எதுவும் இல்லையென்பது உலக ஒவ்வாமை அமைப்பின் வழிகாட்டுதல். தோலுக்கடியில் போடும் பழக்கமும் இன்னும் மறையவில்லை. கனடாவின் எஸ்டெல் சைமன்ஸ் 1998இல் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்துக்கொண்டது. 15 நிமிடத்தில் இதயம் நிற்கக்கூடியவருக்கு 34 நிமிடத்தில் வந்துசேரும் மருந்தால் என்ன பயன்?

தமிழருக்கு மிக அருகிலிருந்தே வந்த சான்று ஒன்றை நம் மருத்துவ உலகம் இன்னும் அழுத்தமாகப் பேசவேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து, குதிரைகளின் வழியாக இந்திய நிறுவனங்கள் பாம்புக்கடி மாற்றுமருந்தைச் செய்கின்றன. இந்தியாவில் செய்யப்படும் அந்த மருந்தையே இலங்கையும் வாங்கிப் பயன்படுத்துகிறது. குதிரைப் புரதம் பலருடைய உடலுக்கு ஒவ்வாது. கடியிலிருந்து காக்க ஏற்றும் மருந்தே ஒவ்வாமை அதிர்ச்சியை எழுப்பும். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வாவும் குழுவினரும் இலங்கை மருத்துவமனைகளில் பாம்புக்கடிபட்ட 1,007 பேரிடம் ஆய்வு நடத்தி 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நால்வரில் மூவருக்கு ஏதேனும் ஓர் ஒவ்வாமை எதிர்வினை எழுந்தது. மாற்றுமருந்துக்கு முன்பே சிறு அளவு அட்ரினலினைப் பெற்றவர்களிடம் கடுமையான எதிர்வினைகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைந்தன. அவிலின் இனத்தைச் சேர்ந்த புரோமெத்தசினும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் அத்தகைய பயன் எதையும் தரவில்லை. இது தடுப்புக்கான ஆய்வு. கொட்டுப்பட்டு விழுந்தவருக்கான சிகிச்சை ஆய்வு அன்று. எனினும் எந்த மருந்து செயல்படுகிறது, எது உடன் நிற்க மட்டுமே தகுதியுடையது என்பதை நம் மண்ணின் பாம்புகளும் நம் நாட்டின் மருந்துமே காட்டித் தந்திருக்கின்றன. வயலில் பாம்புக்கடி அரிதல்லாத கிருஷ்ணகிரியின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் இதை அறிந்திருக்கவேண்டும்.

எளிய பணியாளரிடம் இந்த ஊசியை ஒப்படைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அரசே அதற்கு விடை சொல்லிவிட்டது. தடுப்பூசி போட்டபின் ஒவ்வாமை அதிர்ச்சி எழுந்தால், மருத்துவருக்காகக் காத்திராமல் வயதுக்கேற்ற ஒரு தவணை அட்ரினலினைத் தசையில் போட்டுவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பக் கிராம சுகாதார செவிலியருக்கு நடுவண் அரசின் நெறிமுறை அனுமதி தருகிறது. 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய கொரோனா தடுப்பூசி முகாம்களை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வராந்தாக்களிலும் திருமண மண்டபங்களிலும் ஊசி போட்டுக்கொண்டபின் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டோமே, அது எதற்காக? அருகில் ஒரு பெட்டி இருந்தது. அதில் அட்ரினலினும் சிரிஞ்சும் இருந்தன. அதைப் போடக் கற்றவர் ஒருவர் நின்றார். நாடு முழுவதும், குக்கிராமம்வரை, சில மாதங்களில் இந்த ஏற்பாட்டைச் செய்துகாட்டிய ஆட்சியமைப்புக்கு ஒரு தொழிற்பேட்டையில் அதைச் செய்வது ஆகாத செயலா?

ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் வளாகம் எழுந்ததுமுதல் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரிய ஆலைகள் இங்கே வேர்விட்டன. அண்மையில் திம்ஜேப்பள்ளியில் டாட்டா எலக்ட்ரானிக்சும், போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்வாகன ஆலையும் வந்தன. இவற்றைச் சுற்றி உதிரிப்பாகம் செய்யும் சிறு கூடங்கள், ரோஜாப் பசுமைக்குடில்கள், மாங்கூழ் ஆலைகள், கருங்கல் அறுக்கும் பட்டறைகள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 45ஆம் பிரிவில் 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேற்பட்ட ஆலையில் முதலுதவி அறையும் வேண்டுமென விதித்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் 500 பேர் என்ற அந்த எல்லையைக் கைவிடவில்லை. பெரிய ஆலைகளில் அறை இருக்கிறது, செவிலியர் இருக்கிறார். அவருடைய அலமாரியில் அட்ரினலின் குப்பி இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா, மருத்துவர் வீட்டிலிருக்கும் இரவு இரண்டு மணிக்கு அதைத் திறந்து போடும் எழுத்துமூல அதிகாரம் அவருக்கு உண்டா என்பதே கேள்வி. அதிகாரம் இல்லாத கையில் மருந்து இருந்தும் பயனில்லை. அதைவிட வருந்தத்தக்கது நாற்பது, ஐம்பது பேர் வேலைசெய்யும் சிறு கூடத்தின் நிலை. அங்கே பெட்டி என்றால் பஞ்சும் அயோடினும் கட்டுத்துணியும்தான். வெட்டுக்காயத்தை எதிர்பார்த்த காலத்தில் வகுத்த பெட்டி அது.

இந்த எல்லைநிலத்துக்கே உரிய இன்னல் ஒன்று மொழி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் இப்போது இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்திருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. குரல் கம்மி நாக்குத் தடித்த நிலையில், தனக்கு முன்பு ஒருமுறை இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களில் ஒரு பெண் யாரிடம், எந்த மொழியில் சொல்வாள்? பணியில் சேரும்போதே ஒவ்வாமை உண்டா என்று அவளுடைய மொழியில் கேட்டு, அடையாள அட்டையின் பின்புறத்தில் சிவப்பு எழுத்தில் பொறிப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. உணவகக் கூடத்தில் அன்றைய உணவில் கடலையும் முந்திரியும் இறாலும் முட்டையும் உண்டா என்று படம்போட்டு வைக்கலாம். பொட்டல உணவுக்கு இத்தகைய அறிவிப்பை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் ஏற்கெனவே கட்டாயமாக்கியுள்ளன. பல்லாயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் பரிமாறும் ஆலை உணவுக்கூடம் அந்தக் கவனத்துக்கு வெளியே நிற்கலாகாது.

இன்னொன்று, பெங்களூருக்கு ஓடும் பழக்கம். ஓசூரிலிருந்து ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் கடந்தால் பொம்மசந்திரத்தில் பெரிய மருத்துவமனைகள். ஆகவே எந்த அவசரத்துக்கும் முதலில் அந்தத் திசையை நோக்கி வண்டி கிளம்புகிறது. மாரடைப்புக்கும் தலைக்காயத்துக்கும் அதில் நியாயம் இருக்கலாம். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அந்தப் பயணம் வீண்; பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தின் ஒற்றை ஊசி, தொலைவிலுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவைவிட மேலானது. அந்த ஊசியை முதலில் பெற்று, அதன்பின் எங்கே வேண்டுமானாலும் செல்லட்டும். செல்லத்தான் வேண்டும், தணிந்த எதிர்வினை சில மணி நேரம் கழித்து மறுபடி எழுவதுண்டு. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஓசூர் அரசு மருத்துவமனையும் அதற்காகவே இருக்கின்றன. எல்லையின் இருபுறமும் அவசர ஊர்திக்கு எண் 108 ஒன்றே என்பதால், அழைப்பவர் மாநிலத்தையும் ஊரையும் முதலில் சொல்லிவிடுவது நலம்.

கொண்டுசெல்லும் முறையையும் சொல்லியாகவேண்டும். நம் ஊர்களில் மயங்கியவரை இருசக்கர வண்டியில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே நிமிர்த்தி உட்காரவைத்து விரைவார்கள். அன்பினால், பதற்றத்தினால் செய்வது. ஆனால் ஒவ்வாமை அதிர்ச்சியில் இரத்தம் கால்களில் தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்புவதற்கே போதாமலிருக்கிறது. அந்த நிலையில் படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்தினாலோ நிமிர்த்தி உட்காரவைத்தாலோ நொடிகளில் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதைப் பம்ஃப்ரி 2003இல் மீண்டும் ஒரு கட்டுரையில் எச்சரித்தார். மல்லாத்திப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவேண்டும். மூச்சுத்திணறல் மிகுந்தவர் காலை நீட்டிச் சாய்ந்திருக்கலாம். வாந்தியெடுப்பவரை ஒருக்களிக்கச் செய்யலாம். கருவுற்ற தாயை இடப்பக்கம் சரிக்கவேண்டும். நடக்கவைப்பது எவருக்கும் ஆகாது. தேனீயின் கொடுக்கு தோலில் நின்றால் நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்க இது நேரமன்று.

மேலைநாடுகளில் பேனாவைப் போன்ற தானியங்கி ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 1987இல் ஒப்புதல் பெற்றது. தொடையில் அழுத்தினால் உரிய அளவு மருந்து தானே இறங்கும். 2007இல் ஏறத்தாழ 100 டாலராக இருந்த அதன் விலையை 2016க்குள் இரண்டு ஊசிக்கு 600 டாலராக உயர்த்தியபோது அந்நாட்டில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. 2024 ஆகஸ்டில் மூக்கில் தெளிக்கும் அட்ரினலினுக்கும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் இவை எளிதாக வாங்கக்கூடிய பொருள்களாக இன்னும் ஆகவில்லை. குப்பியை உடைத்துச் சிரிஞ்சில் இழுத்துப் போடுவதை எல்லார் கையிலும் ஒப்படைத்துவிடலாம் என்றும் நாம் சொல்லவில்லை. 2001இல் சைமன்ஸ் குழுவினர் அதைச் சோதித்தார்கள். அவசரப் பிரிவுச் செவிலியர் அரை நிமிடத்துக்குள் குழந்தைக்கான அளவை இழுத்துவிட்டார்; பெற்றோர் சராசரியாக 142 நொடி எடுத்துக்கொண்டதோடு, இழுத்த அளவும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதே அதன் பொருள். தானியங்கி ஊசி இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் நாளுக்காக வாதாடுவதும், அதுவரை பயிற்சி பெற்ற கைகளைப் பெருக்குவதும் ஒருசேர நடக்கவேண்டியவை. 2013இல் அமெரிக்கா பள்ளிகளில் இம்மருந்தை வைத்திருப்பதை ஊக்குவிக்கச் சட்டம் செய்தது. 2017 அக்டோபர் முதல் பிரிட்டனில் பள்ளிகள் மருந்துச்சீட்டின்றியே இதை வாங்கிவைக்கலாம். நம் சட்டத்துக்கு ஏன் அந்தத் துணிவு வரக்கூடாது?

வீடுதோறும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். நோயாளி மருந்தைத் தேடி வருவதைவிட மருந்து நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும் என்ற கொள்கைக்கு இந்த மண் சாட்சி. மிகக் குறைந்த அவகாசமுள்ள நோய்க்கு அந்தக் கொள்கையை நீட்டிக்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்கிறோம். கிராம சுகாதார செவிலியரின் அட்ரினலின் அதிகாரம் தடுப்பூசி நாளோடு முடியாமல், தேனீக்கும் உணவுக்கும் மருந்துக்கும் விரியவேண்டும். ஆலைச் செவிலியருக்கும் குவாரி மேற்பார்வையாளருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் மருத்துவக் கல்லூரியே ஆண்டுதோறும் பயிற்சி தரலாம். தனியார் சிறு மருத்துவமனைகளின் ஊசி அறைச் சுவரில் முதல் மருந்து எது, எங்கே, எவ்வளவு என்று ஒரு தாள் ஒட்டப்படவேண்டும். ஒருமுறை இந்த அதிர்ச்சிக்கு ஆளாகிப் பிழைத்தவர், காரணம் எது என்று எழுதிய சீட்டில்லாமலும் ஒவ்வாமை மருத்துவரைக் காணும் பரிந்துரையில்லாமலும் வீடு திரும்பக்கூடாது. அடுத்த முறை அவருக்கு அவகாசம் இன்னும் குறைவாகவே இருக்கலாம்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள் ஆலைகளைப் பார்வையிடச் செல்லும்போது இயந்திரங்களின் காப்புக் கூண்டையும் தீயணைப்புக் கருவியையும் சோதிக்கிறார்கள். அடுத்த பார்வையிலிருந்து முதலுதவி அலமாரியையும் திறக்கச் சொல்லட்டும். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் குப்பி இருக்கிறதா, மருந்து நிறம் மாறாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, அருகே சிரிஞ்சு உண்டா, இரவுப் பணியில் அதைப் போடுபவரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கட்டும். சிப்காட்டின் பெரிய ஆலைகளில் தொடங்கி, பூக்கள் மலர்ந்து மலைத்தேனீக்கள் திரளாக வந்திறங்கும் பருவத்துக்கு முன்பே சூளகிரிக் கல்குவாரிகள்வரை இதை முடிக்க மாவட்ட ஆட்சியர் ஒரு நாளைக் குறித்து அறிவிக்கவேண்டும்.